எந்த இடுக்கி நல்லது என்று கேட்காதீர்கள்!

 

சென்ற மாதம் தி.நகரில் மஃக்ரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது ஓர் இளைஞர் என்னை ஓரமாக அழைத்தார். பாண்டி பஜார் பக்கம் மொபைல் உதிரிப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருப்பவர். தொழுகையைத் தவறவிடாதவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். "ஹஜ்ரத், இதை விற்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லிடுங்க" என்றார்.

உள்ளே ஓர் இடுக்கி. உடல் எஃகு, நுனி இரண்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. பெண்கள் புருவம் திருத்தும் சாமான் என்று நினைத்துக்கொண்டு, புருவ முடியைப் பிடுங்குவது பற்றிய ஹதீஸை நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "புருவத்துக்கு இல்ல ஹஜ்ரத். வேப்புக்கு. பசங்க வீட்டிலேயே காயில் சுத்துறாங்க. எந்த செராமிக் நல்லது, எது சீக்கிரம் உடையாதுன்னு என்கிட்டத்தான் வந்து கேட்கிறாங்க. வளைஞ்ச நுனியா, நேர் நுனியான்னு ஒரு விவாதமே நடக்குது."

என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது பொறுப்பற்ற பதிலாக இருந்திருக்கும். ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஹலால், ஹராம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது எங்களைப் போன்றவர்களிடம் உள்ள நோய். அவரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். ரிச்சி தெருவில் மொபைல் பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவர் அருகே உட்கார்ந்து பாடம் கேட்டேன். சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். கிதாபுகளைப் புரட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேப் அல்லது இ-சிகரெட் என்பது என்ன? ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் பஞ்சு, நிகோடின் கலந்த திரவம். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகிறது. பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியை இழுக்கிறார்கள். இன்று உலகெங்கும் விற்கும் இந்தக் கருவியை 2003ல் சீனாவில் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற மருந்தாளுநர். அவருடைய தந்தையின் உயிரைப் பறித்ததே புகைப் பழக்கத்தால் வந்த புற்றுநோய்தான். சிகரெட்டை விட வழி தேடியவர் செய்த கருவி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளின் பாக்கெட்டில் இன்று இருக்கிறது.

கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கி இழுப்பவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகம்தான் நம் விஷயம். காந்தல் எனப்படும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பியையோ, நிக்ரோம் கம்பியையோ வாங்கித் தாங்களே சுற்றுகிறார்கள். சுற்றிய சுருளில் மின்சாரம் விட்டுப் பழுக்க வைக்கிறார்கள். ஓரிடம் அதிகமாகச் சிவந்து, ஓரிடம் கறுத்து நின்றால் இடுக்கியால் நெருக்கிச் சமப்படுத்துகிறார்கள். அங்கேதான் செராமிக் நுனி வேண்டியிருக்கிறது. எஃகு இடுக்கியால் தொட்டால் மின்சாரம் சுருளை விட்டு இடுக்கி வழியே பாய்ந்துவிடும்; கையும் சுடும். செராமிக் மின்சாரத்தைக் கடத்தாது. நுனியில் இருப்பது ஸிர்கோனியா என்றால் அது உருக ஏறத்தாழ 2,700 டிகிரி வெப்பம் வேண்டும்.

ஆகவே, சகோதரர்களே, அந்த இடுக்கி தன்னளவில் அருமையான சாமான். மொபைல் மெக்கானிக் அதை வைத்துத்தான் பேட்டரிப் பக்கத்தில் ஷார்ட் ஆகாமல் வேலை செய்கிறார். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கும் அது பயன்படும். ரிச்சி தெரு சகோதரர் எனக்கு நல்லதைத் தெரிந்தெடுக்கவும் கற்றுத் தந்தார். இரண்டு நுனியையும் சேர்த்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் ஒளி தெரியக் கூடாது. நுனி திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் உடைந்த பின் மாற்றிக்கொள்ளலாம். மலிவானவற்றில் எஃகின் மேல் வெள்ளைப் பூச்சு மட்டும் பூசி விற்பதுண்டு. மல்டிமீட்டரை வைத்தால் சாயம் வெளுத்துவிடும். அசல் செராமிக் வெப்பத்துக்கு அஞ்சாது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். மெக்கானிக் கேட்டால் கடைக்காரர் இதையெல்லாம் சொல்லித் தாராளமாக விற்கட்டும். அது சுத்தமான வியாபாரம்.

காயில் சுற்றும் தம்பி கேட்டால்?

அவனிடம் முதலில் ஒரு கணக்குக் கேளுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். அவன் சுற்றிய சுருளின் தடை 0.2 ஓம். வகுத்தால் 21 ஆம்பியர். பெருக்கினால் 88 வாட். உன் வீட்டுக் கூரையில் சுற்றுகிற மின்விசிறி 75 வாட்தான் தம்பி! விசிறியை ஓட்டுவதற்கும் மேலான சக்தியை, விரல் நீளப் பேட்டரியிலிருந்து, உன் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்து உறிஞ்சுகிறாய். அந்தப் பேட்டரியை எங்கிருந்து எடுத்தாய்? பழைய லேப்டாப்பிலிருந்து உரித்தது என்றால், அது இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. இன்னும் இரண்டு சுற்றுக் குறைத்து 0.1 ஓம் ஆக்கினால் 42 ஆம்பியர். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவர் வேப் கருவி வெடித்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர். வெடித்த துண்டு கழுத்து இரத்தக் குழாயை அறுத்துவிட்டது. செராமிக் நுனி உன் விரலைக் காக்கும். கழுத்தைக் காக்க அதில் ஒன்றும் இல்லை.

வெடித்துச் சாவது அரிது என்று சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன். அரிதாக நடப்பதைத் தினமும் நடப்பது போல் காட்டிப் பயமுறுத்துவது பயான் செய்பவனுக்கு அழகல்ல. அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினமும் வேப் இழுக்கும் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018ல் முடிவுகளை வெளியிட்டார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் கருவிக்குள் போய்ச் சுருளைத் தொட்ட பிறகு ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. ஆவியிலும் அவை இருந்தன. ஆக, நீ தேடித் தேடி வாங்கி, செராமிக் இடுக்கியால் பதமாக நெருக்கிச் சமப்படுத்தும் அந்தச் சுருள் இருக்கிறதே, உலோகம் உள்ளே போகும் வாசலே அதுதான். சுற்றும் கை எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் கம்பி கம்பிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் தெருக்களில் ஒரு வதந்தி உலவுகிறது. "இழுப்பது குற்றமில்லை, விற்பதுதான் குற்றம். நான் விற்கவில்லை, எனக்காக நானே செய்துகொள்கிறேன்." பாதி உண்மை முழுப் பொய்யை விட ஆபத்தானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

தமிழ்நாட்டு அரசு 2018லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18ல் அவசரச் சட்டம் கொண்டு வந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிரந்தரச் சட்டமாக்கியது. இழுப்பவனுக்கென்று அதில் தண்டனைப் பிரிவு இல்லை, அது உண்மை. ஆனால் நான்காவது பிரிவைப் படியுங்கள். தயாரித்தல், இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்லல், விற்றல், வினியோகித்தல், விளம்பரம் எல்லாம் குற்றம். முழுக் கருவியாக இருந்தாலும் சரி, அதன் எந்தவொரு பாகமாக இருந்தாலும் சரி! தயாரிப்பு என்றால் என்ன என்பதற்கும் சட்டம் விளக்கம் தருகிறது: பாகத்தைச் செய்வதும், சேர்த்துப் பூட்டுவதும், அதற்குத் துணையான வேலைகளும் அதில் அடங்கும். காயில் என்பது பாகம் இல்லாமல் வேறென்ன? அதை உன் படுக்கையறையில் உட்கார்ந்து சுற்றுவது செய்வது இல்லாமல் வேறென்ன? விலைக்கு வாங்கி இழுப்பவனை விட, சொந்தமாகச் சுற்றிக்கொள்ளும் கெட்டிக்காரன்தான் சட்டத்தின் வாய்க்கு அருகில் நிற்கிறான்.

தண்டனை? முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைத் தெரிந்தே தன் இடத்தில் வைக்க அனுமதித்தவருக்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரங்கநாதன் தெருவில் மாடி அறையைக் குடோனாக வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர்களே, இந்தக் கடைசி வரி உங்களுக்காக. "உள்ளே என்ன வைக்கிறான் என்று நான் பார்ப்பதில்லை" என்று சொல்லாதீர்கள். பாருங்கள்.

இறக்குமதியும் கொண்டு செல்வதும் குற்றம் என்றேன் அல்லவா? குருவி வேலைக்குப் போகும் தம்பிகளும் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் கைச்செலவும் தந்து உங்கள் பெட்டியில் பொட்டலம் வைப்பவர் விமான நிலையத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்திருப்பார். சுங்க மேசைக்கு முன்னால் நிற்பது நீங்கள்தான். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து வேப் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஒருவன் பிடிபட்டால் மறுநாள் பத்திரிகையில் அவன் பெயர் வரும். அந்தப் பெயர் நம் பெயராக இருந்தால் என்ன நடக்கும் என்று இந்தச் சமுதாயத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒருவன் செய்ததற்கு ஒரு தெருவே பதில் சொல்ல வேண்டிய நிலையில் நம்மை வைத்திருக்கிறார்கள். அது அநியாயம்தான். அந்த அநியாயத்தை எதிர்த்து மேடை போட்டு நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்று ஒருவன் அதற்குத் தீனி போடக் கூடாது.

திராட்சைச் சாறு மஸ்அலா

இனி வியாபாரியின் கேள்விக்கு வருகிறேன். "ஹஜ்ரத், நான் இடுக்கிதானே விற்கிறேன்? கத்தி விற்பவன் கொலைக்குப் பொறுப்பா?"

நல்ல கேள்வி. நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பேசியிருக்கிறார்கள். மது காய்ச்சுபவனுக்குத் திராட்சைச் சாற்றை விற்கலாமா என்பதுதான் அந்த மஸ்அலா. சாற்றில் குற்றமில்லை, குற்றம் பின்னால் அவன் செய்யும் மாற்றத்தில் இருக்கிறது என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) அதை வெறுக்கத்தக்கது என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், மது காய்ச்சத்தான் வாங்குகிறான் என்று தெரிந்தே விற்றால் விற்பனை செல்லும், ஆனால் விற்றவருக்குப் பாவம். குழப்பக் காலத்தில் குழப்பக்காரர்களுக்கு ஆயுதம் விற்பதையோ ஹனஃபி மத்ஹபும் வெறுக்கிறது. ஏனென்றால் அங்கே பாவம் அந்தப் பொருளைக் கொண்டே, உள்ளபடியே நடக்கிறது.

இதை உங்கள் கல்லாவுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். செராமிக் இடுக்கி திராட்சைச் சாறு போன்றது. வாங்குபவர் யார், எதற்கு என்பதைப் பொறுத்தது. தெரியாமல் விற்றால் உங்கள் மேல் ஒன்றுமில்லை. தோண்டித் துருவி விசாரிக்கவும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஆயத்தமாகச் சுற்றி வைத்த காயில், அதற்கென்றே அறுத்த பஞ்சு, அதைப் பொருத்தும் கருவி இவை சாறு அல்ல. இவற்றுக்கு வேறு உபயோகமே இல்லை.

அந்த தி.நகர் இளைஞரிடம் நான் கேட்டது இதைத்தான்: "தம்பி, உங்க கடையில இடுக்கி மட்டுமா இருக்கு?" அவர் தலையைக் குனிந்தார். இடுக்கியோடு கம்பிச் சுருளும் பஞ்சும் ஒரே உறையில் போட்டு 'மொபைல் ரிப்பேர் செட்' என்று சீட்டு ஒட்டி விற்றிருக்கிறார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த சம்பவத்தை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்! மோசடி செய்பவனைப் பற்றி அவர்கள் அன்று சொன்ன சொல்லை நினைத்தால் நடுங்க வேண்டாமா? சீட்டில் ஒன்று, உறைக்குள் ஒன்று. இது அந்த ஈரத் தானியம் அல்லாமல் வேறு என்ன?

"நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்றார். விற்கட்டும். நாளை மஹ்ஷரில் பக்கத்துக் கடையின் கணக்கை உங்களிடம் கேட்கப் போவதில்லை.

இன்னொரு சாக்கு, படித்த பிள்ளைகளின் சாக்கு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015ல் வேப் சிகரெட்டை விட 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று சொல்லிவிட்டதாம். சொன்னது உண்மை. யாருக்குச் சொன்னது? தினமும் சிகரெட் பிடித்து விட முடியாமல் தவிப்பவருக்கு. அடையாறில் கல்லூரிக்குப் போய் வரும், சிகரெட்டே பிடிக்காத பத்தொன்பது வயதுப் பையனுக்கு அல்ல. ஒன்றைவிட ஒன்று குறைந்த தீங்கு என்பது, தீங்கே இல்லாமல் இருந்தவனுக்கு என்ன லாபம்? அதுவும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத திரவம். 2019-20ல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் 2,807 பேர். அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்று பின்னர் கண்டார்கள். புட்டியின் மேல் அது எழுதியிருக்கவில்லை. தடை செய்யப்பட்ட சந்தையில் புட்டியின் மேல் எழுதியிருப்பதற்கு யார் ஜாமீன்?

புகைப்பது மக்ரூஹ்தானே என்று முதியவர்கள் சிலர் என்னைக் கேட்பார்கள். முந்தைய காலத்து ஆலிம்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். அன்று அவர்களுக்கு முன்னால் மருத்துவச் சான்று இல்லை. இன்று இருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு உறவினர் இருக்கும் மலேசியாவில் தேசிய ஃபத்வா குழு 1995ல் சிகரெட்டையும், 2015 டிசம்பரில் வேப்பையும் ஹராம் என்று அறிவித்தது. அல்பகரா அத்தியாயத்தின் 195வது வசனம் தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுப்பதையும், பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27வது வசனங்கள் வீண்விரயம் செய்பவர்களை யாருடைய கூட்டத்தில் சேர்க்கின்றன என்பதையும் எடுத்துப் பாருங்கள். பள்ளிவாசல் வாசற்படியில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டே "இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப் போயிட்டாங்க" என்று பேசும் ஜமாஅத் பெரியவர்களும் அதே வசனங்களைப் பார்க்கட்டும். அவர்களிடம் நான் இன்னும் கடுமையாகப் பேச வேண்டும்; இந்தக் கட்டுரையில் இடமில்லை.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. வேப் உடலுக்குக் கேடு என்று தடை செய்தவர்கள், ஆண்டுக்கு 13 லட்சம் இந்தியர்களைப் புகையிலை கொல்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் சிகரெட்டைத் தடை செய்யவில்லை. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் அரசுத் துறையின் எல்.ஐ.சி. பெரும் பங்குதாரர். அதாவது உங்கள் தெருவில் எல்.ஐ.சி. பாலிசி எடுத்தவர் கட்டும் பிரிமியமும் அங்கே போய்ச் சேருகிறது. மாநில அரசோ 2003லிருந்து தானே டாஸ்மாக் கடைகளைத் திறந்து சாராயம் விற்கிறது. இந்த இரட்டை வேடத்தை எதிர்த்து நாம் போராட வேண்டும்; போராடுவோம். ஆனால் அவர்கள் விற்கிறார்கள், அதனால் நாங்களும் விற்கிறோம் என்ற வாதம் டாஸ்மாக் வாசலில் தள்ளாடுபவனின் வாதம். ஒரு முஸ்லிம் வியாபாரியின் வாயில் வரலாமா?

பழக்கத்தில் மாட்டிக்கொண்ட தம்பிகளே, உங்களைத் திட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நிகோடின் பிடித்தால் விடுவது லேசல்ல. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002லிருந்தே புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சைப் பிரிவு நடந்து வருகிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் விடுவதற்கான ஆலோசனை கிடைக்கும். மருந்துக் கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். எந்த இடுக்கி நல்லது என்று பத்துக் கடை ஏறி இறங்கிய கால்கள் அடையாறுக்கு ஒருமுறை போகாதா? வெட்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன். அத்தாவிடம் சொல்ல மாட்டேன்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கிளைச் சகோதரர்கள் தி.நகர், மயிலாப்பூர் கச்சேரி ரோடு, அடையாறு பகுதிகளில் நம்மவர் கடைகளுக்கு வருவார்கள். நோட்டீஸ் தருவார்கள், சோதனை போட மாட்டார்கள், அது அவர்கள் வேலையல்ல. காயிலோ கருவியோ கைவசம் வைத்திருப்பவர்கள் பயந்து இரவோடு இரவாக எங்காவது கொட்டவும் வேண்டாம், வேறு கடைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். எப்படிச் சட்டப்படி ஒப்படைப்பது என்பதை முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். எங்கள் அமைப்பின் வக்கீல் சகோதரர்கள் கட்டணம் வாங்காமல் கூட வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

அந்த இளைஞர் மறுபடி வந்தார். உறைகளைப் பிரித்து இடுக்கிகளை மட்டும் தனியாக எடுத்து, 'செராமிக் இடுக்கி' என்றே சீட்டு ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். கம்பியையும் பஞ்சையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம்தான் ஹஜ்ரத், வித்துத் தீர்த்துட்டு நிறுத்திடுறேன்" என்றார். வக்கீலின் முகவரியை எழுதி அவர் கையில் கொடுத்தேன். இதை எழுதும் வரை அவர் அங்கே போகவில்லை.